ஒரு நூல்கூடப் பிரியவில்லை

ஜனவரி 6

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் நலம். அவருடைய முதுகுவலிதான் காலி பண்ண மறுக்கிற குடித்தனக்காரர் மாதிரி போகவே மாட்டேன் என்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்க்கா" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு. நீ எழுதுவதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக் கடைக்காரனிடம் கேள்வி கேட்க வேண்டும்.

ஆமாம், கார் வாங்கப் போகிறோம். கடையில் வேலை கூடிவிட்டது. தைத்த கார் சீட் உறை மூட்டையை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மாட்டிவிட்டு வர என்னால் ஆகவில்லை. போன வாரம் மழையில் ஒரு மூட்டை அவிழ்ந்து நடுரோட்டில் பரப்பி வைத்த மாதிரி கிடந்தது. பக்கத்து டயர் கடைக்காரர் ஓடி வந்து பொறுக்கிக் கொடுத்தார், நன்றாகச் சிரித்துவிட்டுத்தான்.

உன் கம்பெனி வண்டிதான் வாங்குவது என்று முடிவு. ஆனால் எதை? ஷோரூம் பையனைக் கேட்டால் "எல்லாமே சூப்பர் வண்டிம்மா" என்கிறான். எல்லாம் நல்லது என்று சொல்கிறவனிடம் எதைக் கேட்டு என்ன பயன்? நீ உள்ளது உள்ளபடி எழுது. சம்பளம் கொடுக்கிற கம்பெனி என்று பூசி மெழுகாதே.

அன்புடன்,
உன் அக்கா

---

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "பூசி மெழுகாதே" என்ற இடத்தை எங்கள் கூடத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். எங்கள் என்ஜினியர் அம்மா லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. அவரே சிரித்துவிட்டார்.

என் வேலை உனக்குத் தெரியும். வண்டிகளை மோதவிட்டுப் பார்க்கிற கூடத்தில் பொம்மைகளை உட்காரவைப்பது. ஒவ்வொரு பொம்மையும் ஒரு ஆள் கனம். சட்டை போட்டு, பெல்ட் மாட்டி, எங்கே இடிபட்டது என்று தெரிவதற்காக முகத்திலும் விலாவிலும் முழங்காலிலும் வர்ணம் பூசி விடுவேன். இங்கே எனக்குப் பெயரே பொம்மைக்காரர்தான்.

கம்பெனி இப்போது நாலு வண்டி விற்கிறது. விளம்பரத்தில் வருகிற பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையாது. நாங்கள் வைத்த பெயரையே எழுதுகிறேன்.

சின்னது சுண்டெலி. சந்து பொந்தெல்லாம் புகுந்து வரும், எண்ணெயை நக்கிக்கொண்டே நாள் முழுக்க ஓடும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு ரிப்பேர் பார்த்துவிடுவான். ஆனால் பக்கத்தில் லாரி போனால் உடம்பெல்லாம் நடுங்கும். முன்னால் மோதினால் காற்றுப் பை விரியும். பக்கவாட்டில் மோதினால் கதவுத் தகடும் கடவுளும்தான் துணை.

அடுத்தது மாப்பிள்ளை. பார்க்க லட்சணம், நடை நிதானம், டிக்கியில் உன் மூட்டை நாலு போட்டாலும் இடம் இருக்கும். வேகத்தடை வந்தால் மட்டும் வயிறு தட்டும். மாப்பிள்ளைச் சாப்பாடு அப்படி. உட்காரும் இடம் தாழ்வு என்பதால் மாமாவின் முதுகு கொஞ்சம் முணுமுணுக்கும்.

பெரியப்பா ஏழு பேரை ஏற்றுகிறவர். ஏறி உட்கார்ந்தால் ஊரே கீழே தெரியும். மாமாவுக்கு ஏறி இறங்கச் சுகம். வளைவில் வேகமாகத் திருப்பினால் தலைக்கனத்தில் சாயப் பார்ப்பார். எவ்வளவு குடிக்கிறார் என்று மட்டும் கேட்காதே.

கடைசியாகப் பூனை, பேட்டரி வண்டி. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. மிதித்தால் அம்பு. கனமெல்லாம் அடியில் இருப்பதால் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பும். சார்ஜ் தீர்ந்துவிட்டால் பாறாங்கல்.

என்னைக் கேட்டால் மாப்பிள்ளை. ஏன் என்று சொல்கிறேன். போன வாரம் அதைப் பக்கவாட்டில் இடித்தோம். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு இரும்பு வண்டி வந்து கதவில் மோதியது. சத்தம் மண்டையில் ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிக் கண்ணாடித் துண்டு ஒன்று தரையில் விழுந்தது. கதவு உள்ளே ஒரு சாண் வந்திருந்தது. நான் பொம்மையிடம் ஓடினேன். அக்கா, அதன் விலாவில் நான் பூசிய நீல வர்ணம் கதவில் படவே இல்லை! கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு பை வந்து நின்று அத்தனையையும் தான் வாங்கிக்கொண்டது. நாம் ஒரு தடவை கண் இமைப்பதற்குள் அது அஞ்சு தடவை விரிந்து முடிந்துவிடுமாம். மெதுவாக ஓட்டிக் காட்டிய படத்தில் பார்த்தேன். யாரோ கை நீட்டி அணைத்துக்கொள்கிற மாதிரி இருந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன், இன்னும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சுண்டெலியைத் தவிர மற்ற மூன்றிலும் அந்தப் பக்கப் பை உண்டு. நானே பழைய மாப்பிள்ளை ஒன்று வாங்கி ஓட்டுகிறேன் என்பதிலிருந்து தெரிந்துகொள்.

அன்புத் தம்பி,
பொம்மைக்காரன்

---

பிப்ரவரி 2

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை உன் மாமா மூன்று தடவை படித்தார். "கதவுக்கும் உடம்புக்கும் நடுவுல ஒரு பை வந்து நிக்குதாமே!" என்று டயர் கடைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கதவுக்குள்ளே அப்படி ஒரு சாமானை மடித்து வைத்திருக்கிறார்களே, மனுஷ மூளையை என்னவென்று சொல்வது! இப்போதெல்லாம் வாடிக்கைக்காரர் வண்டிக் கதவைச் சாத்தும்போது மெதுவாகத்தான் சாத்துகிறேன்.

உன் நாலு பேரையும் எனக்கும் தெரியும், நீ பார்க்காத பக்கத்திலிருந்து. உன் பொம்மைகள் வாய் திறக்காது. என் வாடிக்கைக்காரர்கள் திறந்த வாய் மூட மாட்டார்கள். சுண்டெலியின் சீட் தொடைக்குப் பாதிதான் வரும், ஆனால் தைக்க ஒரு மணி நேரம் போதும். மாப்பிள்ளை சீட் சிம்மாசனம், துணிதான் வழுக்கல். பெரியப்பாவின் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தால் முழங்கால் வாய்க்குள் வந்துவிடும். யார்மேலாவது கோபமிருந்தால் அங்கே உட்கார வைக்கலாம். பூனையின் சீட் பலகை மாதிரி. நான் உள்ளே பஞ்சு வைத்துத் தருகிறேன், கும்பிடுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் உன் கம்பெனியை விட மாட்டேன். மாப்பிள்ளை, பெரியப்பா, பூனை மூன்றிலும் முன் சீட்டு முதுகின் வெளியோரத்தில் ஒரு தையல் ஓடுகிறதே, அதில் என்ன நூல் போட்டிருக்கிறார்கள்? விரலால் நெம்பினால் பிரிந்துவிடும் போல இருக்கிறது. இத்தனை பெரிய கம்பெனிக்கு நூலில் என்ன கஞ்சத்தனம்? நான் என் உறையில் அதே கோட்டின்மேல் நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு இறுக்கிவிடுகிறேன். அந்த ஓரத்தில் ஒரு துண்டுச்சீட்டு வேறு, உள்பனியன் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதையும் உள்ளே மடித்துவிடுவேன். டாக்ஸி நிலையத்தில் எனக்குப் பெயரே இரட்டைத்தையல் அக்காதான், தெரியுமா?

உன் மாப்பிள்ளைக்கும் ஒரு ஜோடி உறை தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சாம்பல் நிறம். உன் கூடத்துக்காரர்களுக்குக் காட்டு. தையல் என்றால் என்னவென்று பார்க்கட்டும்.

உன் அக்கா

---

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. கூரியரில் கொடுத்திருக்கிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். உட்கார்ந்து படி.

நீ அனுப்பிய உறையைப் பெருமையாகத்தான் கூடத்துக்கு எடுத்துப் போனேன். எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். என்ஜினியர் அம்மா மட்டும் அந்த ஓரத் தையலில் விரலை வைத்தவர் எடுக்கவில்லை. "இதை எந்த சீட்டுல மாட்டுவாங்க?" என்றார். மாப்பிள்ளை என்றேன். ஒரு பழைய சீட்டை எடுத்துவரச் சொல்லி, உன் உறையை மாட்டி, பையை வெடிக்க விட்டார்.

அக்கா, அந்தப் பை கதவிலிருந்து வருவதில்லை. சீட்டின் ஓரத்திலிருந்து வருகிறது. நான்தான் உனக்குச் சரியாக எழுதவில்லை. அந்த மெலிசான தையல்தான் அதன் வாசல். நூலில் கஞ்சத்தனம் இல்லை, அது அங்கே பிரிந்தே ஆக வேண்டும். எவ்வளவு வேகத்தில் எந்த இடத்தில் பிரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அந்த நூலைத் தேர்ந்தெடுக்கவே அவர்களுக்கு ஒரு வருஷம் ஆனதாம். நீ உள்ளே மடித்துவிடுகிற துண்டுச்சீட்டு, இங்கே பை இருக்கிறது என்று சொல்கிற சீட்டு.

வெடித்தது. உன் உறை ஒரு தடவை ஊதிப் புடைத்தது. கம்பெனித் தையல் பிரிந்தது, உன் தையல் பிரியவில்லை. பை உள்ளேயே மூச்சுமுட்டி, பின்பக்கம் வழி தேடிப் போய், யாருக்கும் உதவாமல் தொங்கியது.  "யாருங்க தைச்சது?" என்று கேட்டார் என்ஜினியர் அம்மா. எங்க அக்கா என்றேன். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு தையலைப் பார்த்ததே இல்லை. அவங்களுக்கு இன்னைக்கே சொல்லிடுங்க" என்றார்.

அது நடந்தது பிப்ரவரி 20. இன்றைக்கு மார்ச் 15.

நீ திட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அன்று மாலையே போன் செய்தேன். "கடையில ஆள் நிக்குதுடா, என்ன விஷயம்?" என்று கேட்டாய். "சும்மாதான்க்கா" என்று வைத்துவிட்டேன். பிறகு இரண்டு தடவை செய்தேன், இரண்டு தடவையும் மாமாவின் முதுகைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். உன் தையலைப் பார்த்து ஊரே கும்பிடுகிறது, அதுதான் தப்பு என்று எந்த வாயால் சொல்வது? நீ நூலைப் பற்றி எழுதியிருந்த கடிதத்தை அப்போதே நான் படித்தேன். என் வேலையே இதுதான். அக்கா வழக்கம்போல அளக்கிறாள் என்று சிரித்துவிட்டு மடித்து வைத்தேன். இப்போது அதைப் பிரித்து முன்னால் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன் தம்பி

---

மார்ச் 16

தம்பிக்கு,

கிடைத்தது. படித்தேன்.

இந்த மூன்று வாரத்தில் மட்டும் அஞ்சு வண்டிக்குத் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதில் ஒருத்தர், பிரசவத்துக்குப் போன பெண்ணை அழைத்துவர வேண்டும் என்று அவசரப்படுத்தி வாங்கிப் போனவர். நானும் "நம்பிப் போங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

உன்னைத் திட்டுவதற்கு இப்போது எனக்கு நேரமில்லை. எந்த வண்டி, எந்த சீட், எந்தப் பக்கம், என்ன செய்ய வேண்டும். அதை மட்டும் எழுது.

அக்கா

---

மார்ச் 18

அக்கா,

என்ஜினியர் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

சுண்டெலியைத் தொட வேண்டாம். அதற்குப் பக்கப் பையே இல்லை, உன் உறை அதை ஒன்றும் செய்யாது. அந்த வண்டியின் பெரிய குறை என்று எதை எழுதினேனோ, அதுவே இப்போது உன் வேலையில் பாதியைக் குறைக்கிறது.

மாப்பிள்ளையில் முன் சீட் இரண்டும். பூனையிலும் பெரியப்பாவிலும் அப்படியே. பெரியப்பாவில் உயர்ந்த ரகத்துக்கு மட்டும் நடு வரிசை ஓரங்களிலும் பை உண்டு. எந்த வண்டியிலும் உறையைத் தூக்கிப் பார், துண்டுச்சீட்டு இருந்தால் பை இருக்கிறது. சீட் முதுகின் கதவோரம்தான் எப்போதும். உறையைக் கழற்றிவிடு. மறுபடி தைத்தால் அந்தப் பக்கத்தை அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் தைக்கவே தைக்காதே. நீ மெல்லிய நூல் போட்டுப் பார்க்கிறேன் என்பாய் என்று நினைத்து, "அந்த விளையாட்டே வேணாம், திறந்தே விடச் சொல்லுங்க" என்கிறார் என்ஜினியர் அம்மா. தைத்ததும் ஒன்று அனுப்பு, இங்கே வெடித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

நான் லீவு போட்டு வரட்டுமா? வந்து உன்னோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். ஒரு வார்த்தை சொல், போதும்.

தம்பி

---

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனை மாமா எடுக்கிறார். "அவ வெளியே போயிருக்காப்பா" என்கிறார். எத்தனை மணிக்குச் செய்தாலும் வெளியேதான் போயிருக்கிறாய். நீ பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.

ஒரு பக்கம் திறந்து தைத்த உறை வந்து சேர்ந்தது. கூட ஒரு துண்டுக் கடிதம் இருக்கும் என்று உதறி உதறிப் பார்த்தேன். நேற்று வெடித்துப் பார்த்தோம். பை தங்கு தடையில்லாமல் வெளியே வந்தது. கூடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, உன் உறையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தேன்.

நீ இதற்காவது பதில் போடு அக்கா. நாலு வார்த்தை திட்டியாவது எழுது.

தம்பி

---

ஏப்ரல் 28

தம்பிக்கு,

முப்பத்துநாலு வண்டி. கடைசி வண்டியை நேற்றுதான் பார்த்தேன். அது முடியாமல் உனக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன்.

முதலில் டாக்ஸி நிலையத்துக்குப் போனேன். எல்லாரையும் கூப்பிட்டு, "நான் தைச்சது தப்பு, கழட்டிக் கொடுங்க" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. "கடை போணியாகலையாக்கா? புது உறை விக்க இப்படி ஒரு வழியா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், இத்தனை உறுதியான தையலைப் பிரிக்க மனசு வராது, போய் வாங்கக்கா என்றார். நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். பை மூச்சுமுட்டித் தொங்கியது என்ற இடம் வந்ததும் எல்லாரும் எழுந்து அவரவர் வண்டிக்குப் போய்விட்டார்கள். என் கத்தரிக்கோல் அன்றைக்கு ஓயவில்லை. என் தையலைப் பிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அந்த அவசரக்காரர் வீட்டுக்கும் போனேன். குழந்தை நன்றாக இருக்கிறது. பிறகு சுண்டெலிக்காரர்களிடமும் போய், உங்களுக்குப் பயமில்லை, உங்கள் வண்டியில் அந்தப் பையே கிடையாது என்றேன். ஒருவருக்கு முகம் வாடிவிட்டது. "இல்லைங்கறதை ஏம்மா வீடு தேடி வந்து சொல்றீங்க?" என்றார்.

ஒரு பக்கத்தைத் தைக்காமல் விடுவதற்கு என் கை படாத பாடு பட்டது. இரண்டு தடவை என்னை அறியாமல் மெஷின் அந்த ஓரத்தில் ஓடிவிட்டது. பிரித்தேன். ஒரு நூல் பிரிவதில் ஒரு உயிர் இருக்கிறது என்று அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு வருஷம் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து இத்தனை வருஷம் தைத்தேன், அது ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்கவில்லை. இப்போது அந்தத் துண்டுச்சீட்டைத் தொடும்போது கை கூசுகிறது.

இனி முப்பத்துநாலாவது வண்டி. ஒரு கணக்கு வாத்தியாருடைய மாப்பிள்ளை. நான் தேடிப் போனபோது வீடு பூட்டியிருந்தது, மாற்றலாகிப் போய்விட்டார்கள் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டு, அங்கே இங்கே விசாரித்து, விலாசம் கிடைத்தது. ஆறு மணி நேரம் பஸ்ஸில் போனேன்.

வாத்தியாருக்கு என்னைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். "நீங்களா! வாங்க, வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போனார். தெருக்கோடியில் ஒரு ஒர்க்‌ஷாப். அதன் பின்னால் புல் முளைத்த இடத்தில் அவர் வண்டி கிடந்தது. புது ஊரில் வீடு பார்க்கத் தனியாக வந்தபோது பக்கவாட்டில் ஒரு பால் வண்டி இடித்துவிட்டதாம். இடித்தது அவர் பக்கம் இல்லை, மற்றப் பக்கம். அவருக்குத் தோளில் சின்ன வலியோடு போயிற்று. கதவு அப்பளம் மாதிரி நொறுங்கி சீட்டின்மேல் ஏறி நின்றது. கண்ணாடி இல்லை. தகடு இல்லை. என் உறை மட்டும் அன்று மாட்டியது போல இருந்தது. பை பின்னால் தொங்கியது.

"வண்டியே போச்சும்மா, உங்க தையல்ல ஒரு நூல்கூடப் பிரியலை பாருங்க! வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் காட்டிட்டிருக்கேன்" என்றார்.

தம்பி, என்னை எத்தனையோ பேர் எத்தனையோ ஏசியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டு மாதிரி ஒன்றும் என்னை அடித்ததில்லை. அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த சீட்டில் எப்போதும் உட்காருகிறவர் அவர் மனைவி. வீடு பார்க்க அவரும் வருவதாகத்தான் இருந்ததாம். பல்வலி என்று கடைசி நேரத்தில் படுத்துவிட்டாராம். என்றைக்கு நடந்தது என்று கேட்டேன். மார்ச் மூன்று என்றார்.

பிப்ரவரி இருபதாம் தேதி நீ பார்த்துவிட்டாய். அப்போது அவர்கள் நம் கடைக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள். நடந்தே போயிருப்பேன்.

உன்மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. நீ பயந்தது எனக்காக என்பதும் தெரிகிறது. நானும்தான் யாரையும் கேட்காமல் அந்தத் துண்டுச்சீட்டை உள்ளே மடித்தேன். இதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போய் இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். நீ எழுதாமல் இருந்ததையும் சொன்னேன். வாத்தியார் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.  அந்த அம்மாள், "அப்போ அன்னைக்கு எனக்குப் பல்லு வலிச்சது நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

எதிரில் உட்கார்ந்தார். டம்ளரை நீட்டினார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். அந்தக் கை அசைவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மனுஷி உயிரோடு உட்கார்ந்து டீ குடிப்பது இவ்வளவு பெரிய அதிசயம் என்று எனக்கு அதுவரை தெரியாது. டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் இருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம் உனக்கு வருகிறது. அவர் அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தால், இன்றைக்கு உனக்கு அக்காவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ.

உன் அக்கா